நெருஞ்சி: பாழ்நிலத்தின் பணியாள்

செடிகொடிகளுள் மனிதனின் வாழ்த்தைப் பெற்றவை சில. வசையைப் பெற்றவை பல. நெல்லுக்கும் வாழைக்கும் மங்கல மேடையில் இடம் கொடுத்தோம். அறுகுக்கும் தும்பைக்கும்கூட ஒரு சொல் புகழ் வைத்தோம். நெருஞ்சிக்கோ காலில் தைக்கும் முள் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் வைக்கவில்லை. ஆறாத துயரைச் சொல்லவேண்டுமானால் நெஞ்சில் தைத்த நெருஞ்சி முள் என்கிறோம். ஆயினும் இந்தச் சிறு செடியின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டால், அது சங்கப் புலவரிடமும், திருநூலின் கிரேக்க மொழிபெயர்ப்பாளரிடமும், உரோமைப் போர்க்களத்திற்கும், பசிபிக் பெருங்கடலின் தீவு ஒன்றில் வாழும் குருவிக் கூட்டத்திடமும் நம்மை அழைத்துச் செல்கிறது. இறுதியில் அது சொல்லும் செய்தியோ கந்தர்வக்கோட்டைச் செம்மண்ணுக்கே உரிய செய்தியாக இருக்கிறது.

மேட்டு நிலத்தின் செடி

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், காவிரிப் பாசனத்தின் பசுமை பின்னுக்குப் போய்ச் செம்மண் மேடு தலைகாட்டும் பகுதியில் அமைந்த ஊர் கந்தர்வக்கோட்டை. 1974-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றுக்கு இவ்வூர் இன்று தலைமையிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெறும் நாடு இது. அம்மழையும் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலே ஆட்சி செய்யும். வானம் பார்த்த நிலக்கடலை, முந்திரித் தோப்பு, தைலமரக் காடு, குளத்து நீரை நம்பிய நெல் என்பனவே இம்மண்ணின் முகங்கள். இவற்றுக்கு இடையே வரப்பிலும் வண்டிப் பாதையிலும், ஆட்டுக்கிடை எழுந்துபோன தரிசிலும், யாரும் விதைக்காமல் முளைப்பது நெருஞ்சி.

முதல் மழை விழுந்த சில நாள்களில் அது தலைகாட்டும். நிமிர்ந்து வளராது, நடுவேரிலிருந்து எல்லாத் திசைகளிலும் கிளைவிட்டு, தரையோடு தரையாகப் படரும். புளியிலை போன்ற சிறு கூட்டிலைகள், ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூ. காலையில் விரியும் பூ நண்பகல் கடந்ததும் குவிந்துவிடும். முளைத்த ஐந்தாறு வாரங்களுக்குள் பூத்துக் காய்த்து, ஈரம் வற்றும்போது தாய்ச்செடி காய்ந்து மடியும். ஓராண்டுச் செடிகளின் இயல்பு இது: தமக்கென்று எதையும் சேர்த்துவைக்க அவற்றுக்குக் காலம் இல்லை, உள்ள வலுவையெல்லாம் விதைக்கே தந்துவிட்டுச் செல்கின்றன.

அந்த விதையைத் தாங்கும் காய்தான் நாம் வெறுக்கும் முள். முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முட்களும் இரண்டு சிறிய முட்களும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். ஆட்டின் குளம்பிலோ, உழவனின் பாதத்திலோ, வண்டிச் சக்கரத்திலோ ஏறிப் பயணம் போகும். ஒரு துண்டுக்குள் இரண்டு முதல் நான்கு விதைகள் வரை இருக்கும். அவற்றுள் பெரியது முதலில் முளைக்கிறது. மற்றவை அடுத்த மழைக்கோ, அதற்கும் அடுத்த ஆண்டிற்கோ காத்திருக்கின்றன. ஒரு பருவம் பொய்த்தாலும் குலம் அழியாது. வானம் பார்த்த நிலத்தில் விதைநெல் முழுவதையும் ஒரே மழைக்கு இறைத்துவிடாத குடியானவனின் முன்யோசனை அந்தச் சிறு முள்ளுக்குள்ளும் இருக்கிறது.

புலவர் கண்ட பொன்மலர்

நம் முன்னோர் இச்செடியை முள்ளாக மட்டும் பார்க்கவில்லை. புறநானூற்றின் 155-ஆம் பாட்டில் மோசிகீரனார் கொண்கானங்கிழானைப் பாடுகிறார். பாழ்பட்ட ஊரில் பூத்த நெருஞ்சிப் பூக்கள் எழுஞாயிற்றை எதிர்கொண்டு நிற்பதுபோல, வறிய புலவரின் வெறுங்கலங்கள் அவ்வள்ளலின் மார்பை நோக்கி மலர்ந்தன என்பது அவர் கண்ட உவமை. இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கதிரவனை நோக்கி நிற்கும் மலரின் இயல்பைப் புலவர் நுணுகிக் கண்டிருக்கிறார். மற்றொன்று, அச்செடிக்கு உரிய இடம் பாழூர் என்பதையும் அவர் அறிந்திருக்கிறார். மக்கள் குடியிருந்து நீங்கிய மண்ணில் முதலில் குடியேறுவது நெருஞ்சி.

குறுந்தொகையின் 202-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி வேறொரு முகத்தைக் காட்டுகிறாள். கண்ணுக்கு இனிய புதுமலராய் நின்ற நெருஞ்சி பின்னர் முள்ளைத் தந்தாற்போல, முன்பு இனியவனாய் இருந்த தலைவன் இப்போது இன்னாதவன் ஆனான் என்று அவள் நெஞ்சம் நோகிறாள். வள்ளுவரோ 1120-ஆம் குறளில், அனிச்ச மலரும் அன்னத்தின் இறகும்கூடப் பெண்ணின் மெல்லடிக்கு நெருஞ்சிக் காயாய் உறுத்தும் என்கிறார். வறுமை, ஏமாற்றம், மென்மை என்ற மூன்று பொருளுக்கும் ஒரே செடி உவமையாயிற்று. தரையில் குனிந்து பார்த்தவர்களின் இலக்கியம் அது.

மருத்துவமும் இச்செடியைக் கைவிடவில்லை. நீர்ச்சுருக்குக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சிக் குடிநீரைச் சித்த மருத்துவர் நெடுங்காலமாக வழங்கிவந்துள்ளனர். ஆயுர்வேதத்தின் பத்து வேர்களைக் கொண்ட தசமூலத்தில் இதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுச் செடிகளைத் தொகுத்து எழுதியோர், பஞ்ச காலத்தில் ஏழைகள் இதன் இளந்தழையையும் காயையும் உணவாகக் கொண்டதைக் குறித்துவைத்துள்ளனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், பயிர் கைவிட்ட மக்களைக் காட்டுக் கீரைகளே சில நாள்களேனும் தாங்கின. நெல் மடிந்த ஆண்டில் முளைத்து நின்றவை, நாம் பெயர் சொல்லக் கூசும் பூண்டுகள்தாம்.

சாபத்தின் பெயர்

மேலை நாட்டில் இதன் வரலாறு திருநூலோடு பின்னிக் கிடக்கிறது. தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரத்தில், ஆதாமின் பிழையை முன்னிட்டு நிலம் சபிக்கப்படுகிறது. அது முட்களையும் முட்பூண்டுகளையும் முளைப்பிக்கும் என்று இறைவன் கூறுகிறார். கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் அந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், முட்பூண்டு என்ற இடத்தில் ‘திரிபொலோஸ்’ என்னும் சொல்லை இட்டனர். மூன்று முனை உடையது என்பது அதன் பொருள். நெருஞ்சியைக் கிரேக்கர் அழைத்த பெயரும் அதுவே. வடமொழியாரும் இதனைத் திரிகண்டகம், அதாவது மூன்று முள்ளுடையது என்றனர். ஒருவரை ஒருவர் கேளாமலேயே இரு மொழிகள் ஒரு முள்ளுக்கு ஒத்த பெயர் வைத்தது வியப்பே.

பின்னர்ப் புனித எரோணிமுஸ் இலத்தீனில் திருநூலைப் பெயர்த்தபோது அச்சொல் ‘திரிபுலுஸ்’ ஆயிற்று. குதிரைப் படையைத் தடுக்க உரோமையர் தரையில் இறைத்த நான்கு முனை இரும்பு முள்ளுக்கும் அதுவே பெயர். 1753-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் உலகச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, நெருஞ்சிக்கு ‘திரிபுலுஸ் தெரஸ்திரிஸ்’ என்று பெயரிட்டார். தரையில் படரும் முள் என்பது அதன் கருத்து. இலத்தீன் திருநூலில் சாபத்தைக் குறித்த சொல் இவ்வாறு அறிவியல் ஏட்டிலும் நிலைபெற்றது.

மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், கனியைக் கொண்டு மரத்தை அறியவேண்டும் என்று கூறும் ஆண்டவர், திரிபொலோஸ் செடியில் அத்திப்பழம் பறிப்பார் உண்டோ என்று வினவுகிறார். போலி இறைவாக்கினரைப் பற்றிய எச்சரிக்கை அது. செடியின் மேல் அவர் குற்றம் சுமத்தவில்லை. நெருஞ்சி அத்தி தருவதில்லை என்பது உண்மை. அத்தி தராத செடி எதையுமே தருவதில்லை என்று முடிவு கட்டியவர்கள் நாம்தாம்.

தீவில் ஒரு சான்று

நெருஞ்சி என்ன தருகிறது என்பதை உலகம் வியந்து நோக்கிய இடம், தென்னமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாப்பகோஸ் தீவுகள். அங்கு வளர்வது நம் நெருஞ்சியின் நெருங்கிய உறவான வேறொரு நெருஞ்சி. டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் 1973-ஆம் ஆண்டு முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் அறிவியலாளத் தம்பதியர் தரைக் குருவிகளை ஆண்டாண்டாக எண்ணி, அளந்து ஆராய்ந்தனர். 1977-இல் கடும் வறட்சி வந்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோயின. எஞ்சியவற்றுள் முக்கியமானது நெருஞ்சியின் கடினமான முட்காய். ஓரினக் குருவிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை அவ்வறட்சியில் மடிந்தன. அலகு பருத்து, அம்முட்காயை உடைக்க வல்ல குருவிகளே பெரிதும் பிழைத்தன. அடுத்து வந்த தலைமுறையின் அலகு முன்னதைவிடச் சற்றுப் பருத்திருந்தது. சில மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாடு, வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்றது. உயிரினங்கள் காலத்தால் மாறுவதை மனிதர் தம் கண்ணாலேயே கண்டறிந்த அரிய சான்றுகளுள் ஒன்று, யாரும் மதியாத ஒரு முள்ளின் துணையால் கிடைத்தது.

தரிசில் நடக்கும் பணி

நம் மேட்டு நிலத்தில் நெருஞ்சி ஆற்றும் பணி இத்துணை புகழ் பெறவில்லை; எனினும் அதுவும் சிறிதன்று. கோடையில் வெறிச்சோடிக் கிடக்கும் செம்மண்ணின்மேல் மழை விழுந்தால், துளியின் அடியில் மண் சிதறி ஓடும். தரையோடு படரும் நெருஞ்சி அவ்வடியைத் தன்மேல் வாங்குகிறது. ஆழச் செல்லும் வேர் இறுகிய மண்ணை நெகிழ்த்துகிறது. கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றைப் போல, கடும் வெயிலிலும் குறைந்த நீர் கொண்டு உணவு சமைக்கும் தனித்திறன் இச்செடியின் இலைக்கும் உண்டு. நெல்லுக்கு அத்திறன் இல்லை. ஆகவே மற்றவை வாடும் இடத்திலும் இது பூக்கிறது. அப்பூவை நாடிச் சிறு தேனீக்களும் எறும்புகளும் வருகின்றன. புல்லின்மேல் தாழப் பறக்கும் சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுவுக்கு இதன் தழை உணவு. பிறகு செடி மடிந்து மக்குகிறது; அடுத்து வரும் புல்லுக்கு இடம் விடுகிறது.

இவ்விடம் விடுதலே நெருஞ்சியின் வரலாற்றில் நாம் காணத் தவறிய செய்தி. நிழலையும் நெருக்கத்தையும் அது தாங்காது. புல் அடர்ந்து, புதர் ஓங்கினால் நெருஞ்சி தானே விலகிவிடும். மிதிபட்ட இடம், அரிக்கப்பட்ட இடம், மேய்ந்து மேய்ந்து மொட்டையான இடம் ஆகியவையே அதன் வீடு. ஆகவே, நெருஞ்சி நிலத்தைப் பாழாக்குகிறது என்பது முறைமாறிய கூற்று. பாழாக்கப்பட்ட நிலத்தைத் தேடி அது வருகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மோசிகீரனார் இதனைப் பாழூரோடு சேர்த்துப் பாடிவிட்டார். தொடக்கநூலும் மனிதனின் செயலை முதலில் வைத்து, முள்ளைப் பின்னர் வைக்கிறது. முள் அங்கே குற்றவாளியாக வரவில்லை, சான்றாக வருகிறது.

இதனால் நெருஞ்சியைக் குறையற்ற செடி என்று நாம் போற்றவேண்டியதில்லை. வெறுங்காலோடு கடலை களையெடுக்கும் பெண்களின் வலியை மறந்து செடிக்குப் பரிந்து பேசுவது அறமன்று. தென்னாப்பிரிக்காவில் இதை மிகுதியாக மேய்ந்த செம்மறிகள் வெயில் தாங்காத நோயுற்று, தலை வீங்கி மாண்டதுண்டு. அமெரிக்காவிற்குத் தற்செயலாகப் போய்ச் சேர்ந்த நெருஞ்சி அங்கே பெருங்களையாகி, மிதிவண்டிச் சக்கரங்களைத் துளைக்கும் கொடி என்று பெயரெடுத்தது. அதனைக் கட்டுப்படுத்த 1961-இல் இத்தாலியிலிருந்து இரு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுசென்று விட்டனர். ஒன்று காயையும், மற்றது தண்டையும் துளைப்பவை. அவ்வண்டுகளுக்கு இந்தியாவும் தாயகமே. இங்கே செடியோடு அதன் பகையும் உடன்பிறந்திருக்கிறது. ஆதலால் அது தன் எல்லையில் நிற்கிறது.

எதிர்த்திசையில் வந்த வரலாறும் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த பார்த்தீனியம் என்னும் ஓராண்டுச் செடி 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. அதை அடக்க மெக்சிகோவின் வண்டினத்தை 1984-இல் பெங்களூருப் பகுதியில் விடவேண்டியதாயிற்று. தன் மண்ணில் பணியாளாக இருக்கும் செடி, அயல் மண்ணில் ஆதிக்கக்காரன் ஆகிறது. களை என்பது செடியின் பிறவிக் குணமன்று. இடமும் அளவும் பிறழ்ந்த நிலைக்கு நாம் வைத்த பெயர்.

தரிசு என்னும் சொல்

வருவாய்க் கணக்கில் வரி தராத நிலம் தரிசு அல்லது புறம்போக்கு. ஏட்டில் எழுதப்பட்ட இச்சொற்கள் மெல்ல மெல்ல நம் கண்ணிலும் எழுதப்பட்டுவிட்டன. பயனற்ற நிலம் என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டால், அங்கே என்ன வாழ்கிறது என்று எவரும் கேட்பதில்லை. புதுக்கோட்டைச் சீமையின் மேட்டு நிலங்களில் பரந்த அளவில் தைலமரம் நடப்பட்டது இந்தப் பார்வையின் விளைவே. காகிதக் கூழுக்கு அம்மரம் பயன்பட்டது. பலருக்குக் கூலியும் கிடைத்தது. ஆயின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. குளத்திற்கு வரும் நீர் குறைந்தது என்றும் நிலத்தடி நீர் கீழிறங்கியது என்றும் உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இம்மாவட்டத்தின் வழியே சென்றபோது, ஆண்டுக்கணக்கில் வளர்த்த தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. சாய்ந்த மரங்களுக்கு இடையே வெயில் விழுந்த மண்ணில், விதைக்காமல் முளைப்பவை மீண்டும் முளைத்தன.

களைக்கொல்லியின் வரவு மற்றொரு மாற்றம். ஆள்கூலி ஏறிய காலத்தில் உழவன் அதை நாடுவதை நாம் எளிதில் குறைகூற முடியாது. எனினும் வரப்பும் பாதையோரமும் சேர்ந்து கருகும்போது, மழைக்குப் பின் வரும் தேனீக்கு முதல் பூ இல்லாமல் போகிறது. காட்டுச் செடிகளைப் பறித்து உலர்த்தி, நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுத்துச் சிறு வருவாய் காணும் ஏழைகளின் கைப்பொருளும் குறைகிறது. இழப்பவர்கள் பெரும்பாலும் பட்டா இல்லாதவர்கள். ஆதலால் அவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒதுக்கி வைத்த மூலை

அசிசி நகரப் புனித பிரான்சிஸ் தம் துறவியர் இல்லத்தின் தோட்டத்தில் ஒரு பகுதியை உழாமல் விட்டுவைக்கச் சொன்னார் என்பது மரபு. காட்டுப் பூண்டுகளும் மலர்களும் அங்கே தம் விருப்பம்போல் வளரட்டும், காண்போர் படைத்தவரை நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் இச்செய்தியை எடுத்துக்காட்டியுள்ளார். ஐரோப்பாவின் ஈர மண்ணில் பிறந்த அந்த எண்ணத்தை, நம் செம்மண் மேட்டில் செயலாக்குவது அரிதன்று. ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு பங்கை மேய்ச்சலுக்கும் மூலிகைக்கும் என விட்டுவைக்கலாம். குளத்தின் வரத்து நிலத்தைப் புல் மூட விடலாம். பள்ளித் தோட்டத்திலும் ஆலய வளாகத்திலும் ஒரு மூலையை மழைக்கே ஒப்படைத்து, எது முளைக்கிறது, எது அதற்கு அடுத்து வருகிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் செய்யலாம். முதலாண்டில் நெருஞ்சி வரும். கால் வைக்கும்போது கவனம் வேண்டும். மிதிக்காமல் விட்டால், சில ஆண்டுகளில் புல்லும் பூண்டும் அடர்ந்து, நெருஞ்சி தானே வரப்போரம் ஒதுங்கிவிடும்.

ஆகவே, ஓரிடத்தில் நெருஞ்சி மண்டிக் கிடப்பதைக் கண்டால், அதை எப்படி அழிப்பது என்று கேட்பதற்கு முன், இந்த மண்ணுக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்போம். அக்கேள்விக்கு உரிய விடையைத் தேடி மண்ணைப் பேணினால், முள் தன் பணி முடிந்து விலகும். கேளாமல் விட்டால், அடுத்த மழைக்கென்று மண்ணுக்குள் காத்திருக்கும் விதைகள் இன்னும் எத்தனையோ உள்ளன.